முனைவர் பட்டத்துக்குப் பின்: கணினிவழி மூலக்கூறு ஆய்வில் உள்ள வாய்ப்புகள்

முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர், தமக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் அமைவதற்கு முன், இன்னொருவருடைய கூடத்தில் சம்பளத்தோடு ஆய்வு செய்யும் இரண்டு முதல் ஐந்தாண்டுக் காலமே முனைவர் பட்ட மேலாய்வு. ஆய்வுக்கூடங்களில் புழங்கும் பெயர் போஸ்ட்டாக். இது படிப்பு அல்ல. முடிவில் பட்டம் ஏதும் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு மேலாய்வுப் 'பட்டம்' தருவதாக வரும் விளம்பரங்களை இந்த ஒன்றைக் கொண்டே ஒதுக்கிவிடலாம். உண்மையான மேலாய்வில் பணம் ஆய்வாளருக்கு வரும், அவரிடமிருந்து போகாது.

அமெரிக்காவில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தைக் கொண்டு 1919இல் தேசிய ஆய்வுக் கழகம் தொடங்கிய உதவித்தொகைகளிலிருந்து இந்த ஏற்பாடு பரவியது. முதலில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் என்று இருந்தது, பிறகு உயிரியலுக்கும் வந்தது. இன்று மூலக்கூறு அறிவியலில் மேலாய்வு செய்யாமல் நல்ல நிறுவனம் ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வருபவர்கள் அரிது.

இந்தத் துறையில் மேலாய்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிறந்த துறையை விட்டு வேறு துறைக்குள் நுழைய வழிவிடும் காலம் இதுதான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். இயற்பியலில் தொடர மனமில்லாமல் சான் டியகோவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து இரண்டாண்டு உயிரியல் படித்தார். அங்கே இன்னொரு முனைவர் பட்டத்துக்குக் காத்திராமல், யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரின் கூடத்துக்கு மேலாய்வாளராகப் போனார். ரைபோசோம் என்ற புரதத் தொழிற்சாலையை அவர் முதன்முதலில் கையில் எடுத்தது அங்கேதான். அதற்குப் பிறகும் பாதை நேராக இருக்கவில்லை: ஏறக்குறைய ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் பணி கிடைக்காமல், தேசிய ஆய்வகங்களில் வேலை பார்த்தார். 2009இல் வேதியியல் நோபல் பரிசு வந்தது யேலில் தொடங்கிய அதே கேள்விக்காக. மேலாய்வுக் காலத்தில் நுட்பத்தைக் கற்பதைவிடக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பது பெரிது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

கணினியும் மூலக்கூறும் சேர்ந்த ஆய்வு சென்னைக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு அல்ல. ஜி. என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் மும்மைச் சுருள் அமைப்பை 1954இல் வெளியிட்டார். 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் எழுதிய கட்டுரையில் இன்று ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் அழைக்கும் படம் வந்தது. ஒரு புரதச் சங்கிலியின் இரண்டு சுழற்சிக் கோணங்களை எப்படியெல்லாம் திருப்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கும் என்பதே கணக்கு. மேசைக் கணிப்பானில் கைப்பட எண்களை ஏற்றி அந்தக் கணக்கைப் போட்டார்கள். இன்று புரதக் கட்டமைப்பு ஒன்றை உலகப் புரதத் தரவு வங்கியில் சேர்க்கும்போது அது இந்த வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் விடுவதில்லை. புரதத்தின் வடிவத்தைக் கணினியில் கணித்து 2024இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆல்பாஃபோல்ட் மென்பொருளின் கணிப்புகளைச் சரிபார்க்கவும் இதே படம்தான். கர்த்தா பின்னர் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போய், 1967இல் ரைபோநியூக்ளியேஸ் நொதியின் கட்டமைப்பைக் கண்ட குழுவில் இருந்தார். ராமச்சந்திரன் வளர்த்த படிகவியல், உயிர் இயற்பியல் துறை கிண்டி வளாகத்தில் இன்றும் இயங்குகிறது.

இத்துறையில் ஒரு மேலாய்வாளர் அன்றாடம் என்ன செய்கிறார் என்பதற்குக் காசநோயை எடுத்துக்கொள்ளலாம். ஐசோநியாசிட் பல பத்தாண்டுகளாகக் காசநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து. அது தாக்கும் இலக்கு இன்ஹா என்ற நொதி. அந்த நொதியின் முப்பரிமாணக் கோப்பைத் தரவு வங்கியிலிருந்து இறக்கி, ஆட்டோடாக் வீனா போன்ற இலவச மென்பொருளில் ஏற்றி, ஐசோநியாசிட் மூலக்கூறை அதில் பொருத்திப் பார்க்கச் சொன்னால், மடிக்கணினியிலேயே சில நிமிடங்களில் ஒரு மதிப்பெண் வந்துவிடும். டாக்கிங் என்று இதைச் சொல்வார்கள். மேற்குச் சென்னையின் அம்பத்தூரிலோ ஆவடியிலோ உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் இளங்கலை மாணவர்கூட இதைச் செய்து, கட்டுரையும் எழுதிவிட முடியும். எழுதுகிறார்கள்.

ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இல்லை. ஐசோநியாசிட் அப்படியே போய் இன்ஹாவில் உட்காருவதில்லை. பாக்டீரியாவுக்குள் கேட்ஜி என்ற வேறொரு நொதி அதைச் செயலூக்கம் பெற வைக்கிறது. அப்படி மாறிய துண்டு செல்லில் இருக்கும் என்ஏடி மூலக்கூறோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டுப்பொருள்தான் இன்ஹாவை அடைத்துக்கொள்கிறது. படிகவியலில் இது தெளிவானது 1998இல். இந்த மருந்துக்கு மசியாத காசநோயில் மிக அடிக்கடி காணப்படும் மாற்றம் இன்ஹாவில் இல்லை, கேட்ஜியின் 315ஆம் இடத்தில் செரின் போய்த் திரியோனின் வருவதில் இருக்கிறது. மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. எதைக் கொடுத்தாலும் அது ஓர் எண்ணைத் தரும். மாணவர் அந்த எண்ணோடு நின்றுவிடுவார். மேலாய்வாளர் எந்த மூலக்கூறைக் கொடுக்க வேண்டும் என்பதில் தொடங்குவார். இரண்டு பேருக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான், ஆனால் அதைக் கடக்கச் சில ஆண்டுகள் ஆகின்றன.

அடுத்த படி மூலக்கூறு இயக்கவியல். நொதியைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ ஒரு பெட்டியில் வைத்து, ஒவ்வோர் அணுவின் மேலும் செயல்படும் விசையைக் கணக்கிட்டு, இரண்டு ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை எல்லா அணுக்களையும் சற்றே நகர்த்துவார்கள். 100 நானோ நொடி நடப்பதைப் பார்க்க 5 கோடி அடிகள் வேண்டும். 1977இல் மெக்கேமன், கெலின், கார்ப்ளஸ் மூவரும் ஒரு சிறு புரதத்தை முதன்முதலில் இப்படி ஓட்டிப் பார்த்தபோது எட்டியது பத்துப் பிக்கோ நொடிக்கும் குறைவு. இப்போது குரோமாக்ஸ் என்ற இலவச மென்பொருளும் நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றும் இருந்தால் அதைப்போல் பத்தாயிரம் மடங்கு நேரத்தைச் சில நாட்களுக்குள் ஓட்டிவிடலாம். கருவி மலிந்துவிட்டது. அதனால் கருவியை ஓட்டத் தெரியும் என்பது மட்டும் இனி மேலாய்வு வாங்கித் தரும் தகுதி அல்ல.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதியிலிருந்து பார்த்தால் மிக அருகில் இருக்கும் பெரிய வாய்ப்பு அயப்பாக்கத்தில் இருக்கிறது: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின், அதாவது ஐசிஎம்ஆரின், தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புக்கு அடுத்து நிற்கும் அந்தக் கட்டடத்தைத் தினமும் கடந்து போகிறவர்களில் பலருக்கு உள்ளே நடப்பது தெரியாது. சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும், ஆவடியில் இயங்கிவந்த மத்திய ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப் பிரிவையும் இணைத்து 1999இல் இது உருவானது. அந்த ஆவடிக் களப் பிரிவுதான் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1,71,400 தன்னார்வலர்களைக் கொண்டு தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்டுப் பார்த்த சோதனையை நடத்தியது. சோதிக்கப்பட்ட ஊசிகளில் ஒன்றான எம்டபிள்யு பாக்டீரியாவுக்குப் பின்னாளில் மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிரானி என்று பெயர் வந்தது. அதன் மரபணுத் தொகுதியும் முழுவதுமாக வாசிக்கப்பட்டது. ஊர் ஊராகப் போய்க் கையில் ஊசி போட்ட வேலையும் மரபணு வரிசையைக் கணினியில் ஒப்பிடும் வேலையும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள்.

கோவிட் காலத்தில் நாடு தழுவிய எதிரணு ஆய்வை இந்த நிறுவனம் முன்னின்று நடத்தியது. 2020 மே, ஜூன் மாதங்களில் 21 மாநிலங்களின் 70 மாவட்டங்களில் 28,000 பேரிடம் எடுத்த இரத்தத்தில் எதிரணு தென்பட்டது 0.73 சதவீதம். நான்காம் சுற்றில், 2021 ஜூன், ஜூலையில், அது 67.6 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் வைரசின் வகைகள் மாறின, தடுப்பூசி வந்தது, சோதனைக் கருவிகளும் மாறின. இவற்றைப் பிரித்தெடுத்துச் சொல்லப் புள்ளியியலும் மூலக்கூறு உயிரியலும் சேர்ந்து தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் இந்தியாவில் மிகக் குறைவு. டாக்கிங் கட்டுரை எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம். ஐசிஎம்ஆர் தன் நிறுவனங்களுக்குள் பணியாற்ற மட்டும் தனியாக மேலாய்வு உதவித்தொகை வைத்திருக்கிறது. அயப்பாக்கமும் அதில் அடங்கும். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கி, காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று நிறுவிய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அடங்கும். மேலே சொன்ன கேட்ஜி மாற்றத்தை நோயாளியின் சளி மாதிரியிலிருந்தே படிக்க விரும்புவோருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

மற்றவை இன்னும் தள்ளி இருக்கின்றன. தரமணியில் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தில் கணக்கீட்டு உயிரியலுக்கென ஒரு பிரிவு உண்டு. இந்திய மூலிகைகளின் வேதிப்பொருள்களைத் திரட்டிய இம்பாட் தரவுத்தளம் அங்கே உருவானது. அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 தாவரங்களும் 17,967 வேதிப்பொருள்களும் உள்ளன. நிலவேம்பையும் கீழாநெல்லியையும் கணினியில் ஆராய விரும்புகிறவர் தொடங்க வேண்டிய இடம் இது. ஐஐடி மெட்ராஸின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் புரதத் தகவலியலும் உயிரமைப்புப் பொறியியலும் வலுவானவை; நிறுவனமே தரும் மேலாய்வுப் பணிகளும் அங்கே உண்டு. ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு உதவியாளர் பணிகள் அவ்வப்போது அறிவிக்கப்பட்டாலும் அவை பெரும்பாலும் இயந்திரப் பொறியியலுக்கானவை. தண்டலம், போரூர், மதுரவாயல், ஆவடி என்று இந்தப் பக்கம் நிறைந்திருக்கும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் அரசின் உதவித்தொகையோடு வருபவரை ஏற்கலாம். எந்த நிறுவனமானாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று எழுதி வாங்கும் இடத்தில் சேரக் கூடாது. அப்படிச் செலவழிந்த இரண்டாண்டைப் பிறகு எந்தத் தேர்வுக் குழுவிடமும் விளக்க முடியாது.

இனிப் பணம். அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியமாக இருந்ததன் இடத்தில் 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்திருக்கிறது. பழைய வாரியம் தொடங்கிய தேசிய முனைவர் பட்ட மேலாய்வு உதவித்தொகை இப்போது இதன் கீழ். இரண்டாண்டு, ஒருவர் வாழ்நாளில் ஒருமுறைதான் பெறலாம். வயது வரம்பு 35. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்தாண்டுத் தளர்வு. தமிழ்நாட்டு விண்ணப்பதாரர்களில் பெரும்பாலோர் இந்தத் தளர்வுக்குள் வருவார்கள், அதைத் தெரிந்துகொள்ளாமலே வயது போயிற்று என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நெறியாளராக இருப்பவர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் அவர் ஏற்க முடியாது என்பதும் விதி. நல்ல பெயருள்ள பேராசிரியரிடம் இடம் நிரம்பியிருக்கலாம் என்பதால் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

இன்னொரு வழி ஆய்வுத் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட் பணி. உதவித்தொகை தனிநபருக்கு வராது. பேராசிரியர் பெற்ற திட்ட நிதியிலிருந்து வரும். 2023இல் மத்திய அரசு திருத்திய அளவின்படி இதன் மூன்று நிலைகளுக்கு மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. அறிவிப்பு நாளிதழில் வராமல் நிறுவனத்தின் தளத்தில் மட்டும் வந்து பத்து, பதினைந்து நாளில் முடிந்துவிடும் என்பது இதன் சிக்கல். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமமும் தனித்தனியே அசோசியேட் திட்டங்களை நடத்துகின்றன. குடும்பத்துக்காக ஆய்வை இடையில் நிறுத்திய பெண்களுக்கு உயிரித் தொழில்நுட்பத் துறையின் பயோகேர் திட்டமும், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ் மேலாய்வுத் திட்டமும் உள்ளன. இவற்றுக்குப் போட்டி இருக்கிறது, ஆனால் இவற்றின் பெயர் தெரியாமல் விடப்படும் வாய்ப்பு அதைவிட அதிகம்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை வயதைவிடப் பட்டம் வாங்கிய தேதிதான் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகை பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டுக்குள் உள்ளவர்களுக்கு. ஜெர்மனியின் ஹம்போல்ட் நான்கு ஆண்டுக்குள். ஹியூமன் ஃபிராண்டியர் திட்டத்தில் ஒரு பிரிவு, இயற்பியல், கணிதம், கணினி போன்ற உயிரியல் அல்லாத துறைகளில் பட்டம் பெற்று உயிரியலுக்கு வருகிறவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பொறியியல் கல்லூரிகள் மண்டிய மேற்குச் சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் பேராசிரியரின் நிதியிலிருந்தே வேலை கிடைக்கும். அங்கே தனி மின்னஞ்சல்தான் விண்ணப்பம்.

அந்த மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மரியாதைக்குரிய ஐயா என்று தொடங்கி, தங்கள் உலகப் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தில் சேர ஆர்வமாக உள்ளேன் என்று நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்புவதால் பயனில்லை. பெறுபவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அந்தக் கூடத்தின் அண்மைக் கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் உள்ள படம் ஒன்றை அவர்களே வெளியிட்ட தரவைக் கொண்டு மறுபடி வரைந்து பார்க்கலாம். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை என்று ஐந்து வரியில் எழுதி, நிரலைத் திறந்த களஞ்சியத்தில் வைத்து, அதன் முகவரியைக் கொடுத்தால் போதும். கணினிவழி ஆய்வில் மட்டுமே இதை வீட்டிலிருந்தே செய்ய முடியும். செல் வளர்ப்பு அறையோ குளிர்பதனப் பெட்டியோ இல்லாத கல்லூரியில் பட்டம் பெற்றவருக்கு இது பெரிய சலுகை. பல்கலைக்கழகப் பெயர் பெரிதாக இல்லாத குறையை இந்த ஐந்து வரி ஈடு செய்யும்.

நெறியாளரைத் தேர்வதில் ஒரே அளவுகோல், அவரிடம் முன்பு இருந்த மேலாய்வாளர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது. அவர்களில் இருவருக்கு எழுதிக் கேட்டால் உண்மை தெரியும். அவர் எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்பது இரண்டாம்பட்சம். மேலாய்வாளர் தொடங்கிய கேள்வியை அவர் போகும்போது கையோடு கொண்டுபோக விடுகிறாரா என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும். பலர் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, மூன்றாண்டு கழித்து வெறுங்கையோடு வெளியே வருகிறார்கள்.

முடிந்த பிறகு என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு ஆட்களைச் சுருக்கப் பட்டியலிடும்போது மேலாய்வு அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. கற்பித்தல் அனுபவத்துக்கும் அதே மதிப்புதான். கௌரவ விரிவுரையாளராக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் மேலாய்வு செய்வதும் அந்தப் பட்டியலில் சமம். அதற்கு வெளியே சமம் அல்ல. ஆசிரியர் வேலை வேண்டாம் என்பவர்களுக்குப் பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களின் மருந்து ஆய்வு நிறுவனங்களில் கணினிவழி வேதியியலாளர் பணி உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அப்படிப்பட்ட வேலைகள் இன்னும் பெரிதாக வரவில்லை.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கும் வாய்மொழித் தேர்வுக்கும் இடையே பல மாதங்கள் போய்விடுகின்றன. தேசிய மேலாய்வுத் திட்டம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவர்களையும் ஏற்றுவந்திருக்கிறது. எனவே ஆய்வேட்டைக் கட்டடம் செய்யக் கடையில் கொடுத்திருக்கும் வாரத்திலேயே விண்ணப்பத்தையும் எழுதத் தொடங்குங்கள். வாய்மொழித் தேர்வுக்கு எனக் காத்திருக்க வேண்டாம்.